மழைக்காலத் தக்காளி

ஜூன் 23, திங்கள்

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகிறது. இன்றுதான் ஒன்பது வீட்டுக் கேரியரும் நேரத்துக்குப் போயின. இவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு மணிக்குள் திரும்பிவிட்டார். அக்ரஹாரத்தைச் சுற்றியே எல்லா வீடும் என்பதால் பெரிய அலைச்சல் இல்லை.

சாத்தமுதுதான் சரியில்லை. (ஊரெல்லாம் ரசம் என்பதற்கு எங்கள் வீட்டில் இதுதான் பெயர்.) புளிப்பு இருக்கிறது, காரம் இருக்கிறது, நடுவில் இருக்கவேண்டியதைக் காணோம். தக்காளியைத்தான் சொல்லவேண்டும். மழைத்தண்ணீரைக் குடித்து ஊதிப்போய் வருகிற தக்காளியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

இவர் சாப்பிட்டார், எழுந்தார், கை அலம்பினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டால், அதாவது நைவேத்தியம் ஆகிவிட்டால், அது பிரசாதம். பிரசாதத்தில் குறை சொல்லுகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. என் மாமனார் ஒருநாள் உப்பே போடாத குழம்பை முழுக்கச் சாப்பிட்டாராம். பிறகு மாமியார் சாப்பிட உட்கார்ந்தபோது உப்பு ஜாடியை அவர் இலைப் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தாராம். அவ்வளவுதான் விமரிசனம். பாராட்டும் அதே அளவுதான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இவர் இன்று இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

வாணி விலாஸ் மார்க்கெட்டுக்கு நானே போனேன். தக்காளிக்காரி லிங்கம்மாவிடம் நாட்டி இருந்தது. நாட்டுத் தக்காளியை இங்கே எல்லோரும் நாட்டி என்றுதான் சொல்வோம். சின்னதாய், கோணலாய், தோள்பட்டையில் பச்சை மிச்சமிருக்கும். ஆப்பிள் மாதிரி வழவழவென்று இருப்பதை அழகுக்கு வாங்கி அடுக்கலாம், சாத்தமுதுக்கு ஆகாது.

தக்காளியை அமுக்கிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அமுக்கினால் விரலுக்குத்தான் தெரியும். காம்பு இருக்கிற இடத்தில் மூக்கை வைக்கவேண்டும். நல்ல தக்காளி அங்கேயே சொல்லிவிடும். "முகர்ந்து பார்க்கலாமாடி?" என்று மாமியார் ஒருமுறை கேட்டார். பூவைத்தான் கூடாது, காயை முகரலாம் என்றேன். அவரை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். ஆசாரம் பார்க்கிற இந்த வீட்டுக்குள் தக்காளியே நான் வந்தபின் வந்ததுதானே.

இன்று லிங்கம்மாவின் கூடையில் பதினைந்து இருபது தக்காளி முகர்ந்திருப்பேன். ஒன்றிலும் வாசனை இல்லை. "எஷ்டு மூஸ்தீரி அம்மா" என்று அவள் அலுத்துக்கொண்டாள். எவ்வளவுதான் மோந்து பார்ப்பீர்கள் என்று. அடுத்த இரண்டு கடைகளிலும் அதே கதை. கடைசியில் இருப்பதில் வெடித்ததாகப் பார்த்து (செடியிலேயே பழுத்ததுதான் வெடிக்கும்) ஒரு கிலோ வாங்கிவந்தேன்.

ஜூன் 30

காபிப்பொடிக் கடைக்காரர் சிக்கரியை ஏற்றிவிட்டார். இருபது வருஷ வாடிக்கை. கேட்டால் "அதே பொடிதான் அம்மா" என்கிறார். மழை வந்தால் எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது.

ஜூலை 3, வியாழன்

கேரியர்கள் திரும்பி வரும்போது சாத்தமுதுக் கிண்ணம் கனக்கிறது. பாதி, சிலதில் பாதிக்கும் மேல். மற்றதெல்லாம் ஏறக்குறைய காலி. அப்படியானால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகம் இல்லை.

அடுப்படியில் தளிகை பண்ணும்போது நான் ருசி பார்ப்பதில்லை. எங்களில் யாரும் பார்ப்பதில்லை. பெருமாளுக்கு முன்னால் நாக்கில் படக்கூடாது. உப்பு கைக்குத் தெரியும். மற்றதெல்லாம் வாசனைதான். பாத்திரத்துக்குள் மூக்கை நுழைப்பது தப்பு. நிமிர்ந்து நிற்கும்போது தானாக வருகிறதே, அது போதும். பருப்பு வெந்தது, புளியின் பச்சை போனது, மிளகு தூக்கலானது எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான். தக்காளியில் ஒன்றும் இல்லையென்றால் அடுப்பிலிருந்து மட்டும் என்ன வந்துவிடும்? பெருங்காயத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறேன்.

இந்த நோட்டைத் தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். வீட்டில் பேசுவது தமிழ், எல்லோரும் படித்தது கன்னடம். எனக்கு மட்டும் அப்பா பிரபந்தத்துக்காகத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார். மேஜைமேல் விரித்துப் போட்டாலும் இவருக்கு வாசிக்க வராது.

ஜூலை 8, செவ்வாய்

குப்புசாமி கேரியரை நிறுத்திவிட்டார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போய் நாலு வருஷம், தனி ஆள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஒன்பது வீட்டில் எங்களவர் அல்லாதவர் இவர் ஒருவர்தான். வாசலில் நின்று, "மகன் ஊட்டுக்குப் போறனுங்கம்மா. வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகுமுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிள்ளை வீட்டுக்குப் போகிறவர் முகம் அப்படியா இருக்கும்?

ஜூலை 9

பால் தீய்ந்துவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் வாசலறையிலிருந்து ஓடிவந்து, "கரியற வாசனை வர்றதே!" என்று அணைத்தார். ஏதோ யோசனை. குப்புசாமி செருப்பைப் பார்த்ததைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, சனி

மார்க்கெட்டில் குப்புசாமி! கையில் பை, பைக்குள் கத்தரிக்காய். மகன் வீட்டுக்குப் போனவர் எதற்குக் கத்தரிக்காய் வாங்குகிறார்? என்னைப் பார்த்ததும் வாழைத்தார்களுக்குப் பின்னால் நகர்ந்தார். அறுபத்தெட்டு வயசு மனுஷர் ஒளிந்துகொள்ளுகிறார். நான் விடவில்லை.

"சாத்தமுது பிடிக்கலையா? நெஜத்தைச் சொல்லுங்கோ."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்கம்மா."

"தக்காளிதானே?"

ஒரு கணம் என்னைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆமாங்கம்மா, தக்காளிதானுங்க. இந்த மழைக்குக் காயெல்லாம் தண்ணியாப் போச்சுங்க. எங்கூருப் பக்கம் மழ கம்மிங்க, சொட்டுநீர்ப் பாசனம். சந்தைக்கு அனுப்புறது வேற சாதி. ஊட்டுக்குன்னு ஓரமா ரெண்டு வரிசை நாட்டி போட்டிருப்பாங்க. சொல்லி அனுப்பறனுங்க, கொஞ்சம் நாளாகுமுங்க."

நிம்மதியாக இருந்தது. ஊரில் தக்காளியைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆளாவது இருக்கிறாரே.

ஜூலை 15

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. பெரிய கடையில் கோலிக்குண்டு மாதிரித் தக்காளி, பிளாஸ்டிக் டப்பாவில். வாங்கிப் பார்த்தேன். இனிப்பு இருக்கிறது, தக்காளி இல்லை. இயற்கை விவசாயிகள் சந்தையில் வாங்கியது இன்னும் மோசம். செங்காயாக வாங்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அரிசி டப்பாவில் வைத்துப் பழுக்கவிட்டேன். நிறம் வந்தது. அவ்வளவுதான்.

பெருங்காய டப்பாவைக் காணோம் என்று அரைமணி தேடினேன். மேல்தட்டில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் இருந்தது. முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். யார் வைத்தது என்று இவரைக் கேட்டால் பேப்பரில் தலையை நுழைத்துக்கொண்டார். வீட்டில் இரண்டே பேர். பெருச்சாளியா ஏறி வைத்தது?

ஜூலை 21

ஏகாதசி. அடுப்புக்கு விடுமுறை.

ஜூலை 24, வியாழன்

இன்னும் இரண்டு வீடு நின்றுவிட்டது. ஒருவருக்குச் சர்க்கரையாம், டாக்டர் வேறு சாப்பாடு சொல்லியிருக்கிறாராம். இன்னொரு வீட்டில் அமெரிக்காவிலிருந்து பெண் வந்திருக்கிறாள், அவளே சமைக்கிறாளாம். காரணங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. மிச்சம் ஆறு.

எழுதிவிடுகிறேன். பயமாக இருக்கிறது. எனக்கு வேறொன்றும் தெரியாது. பாட்டு வராது, கோலம் சுமார்தான். யதுகிரி கைத்தளிகை என்று என் பெயரோடு நாலு பேர் சொன்னார்கள், அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தாயிற்று. தக்காளி கிடைக்கவில்லை என்று இது போனால் மிச்சம் என்ன?

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம். எழுத்து கோணுகிறது.

பதினொரு மணிக்குக் குப்புசாமி வந்தார். கையில் அவர் ஊர்ப் பக்கமிருந்து கொள்ளேகால் பஸ்ஸில் வந்த துணிப்பை. சமையலறை வாசலில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். பார்க்கவே நாட்டி என்று தெரிந்தது. சின்னது, காம்போடு, தோளில் பச்சை, ஒன்றிரண்டு வெடித்தது. இவ்வளவு நாள் தேடியது இதைத்தான். எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தேன்.

ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கா இத்தனை நாள் காத்திண்டிருந்தேன்? இதுலயும் வாசனையே இல்லையே!" என்றேன்.

குப்புசாமி திகைத்துப்போனார். "என்னங்கம்மா இப்படிச் சொல்றீங்க? பையத் தொறந்ததுமே வாசல் வரைக்கும் மணக்குதுங்களே."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

குப்புசாமி மெதுவாக, "அன்னைக்கு மார்க்கெட்டுல பொய் சொல்லிப்போட்டனுங்கம்மா. தக்காளி இல்லீங்க. ரசத்துல பெருங்காய நெடி தாங்க முடியலீங்க. ஒருக்கா நெய்யி சிக்கு நாத்தமுங்க. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது, எனக்குத் தைரியம் வரலீங்க" என்றார்.

அவர் போனபின் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பெருங்காய டப்பா. காபிப்பொடி. கற்பூரம். வேப்பெண்ணெய். மண்ணெண்ணெய்த் துணி. ஒவ்வொன்றாக. கற்பூரம் மூக்குக்குள் ஜில்லென்று குத்தியது, அது வாசனை இல்லை. மற்றதெல்லாம் வெறும் காற்று. ஏழு வாரமா? காய்ச்சலிலிருந்தா? எப்படித் தெரியாம போச்சு? லிங்கம்மாவை, காபிக்காரரை, மழையை, எல்லாரையும் திட்டித் தீர்த்தேனே. ஒருதரம்கூட என் மூக்கு மேல சந்தேகம் வரலையே எனக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவரிடம் கேட்டேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஜூன் கடைசிலேர்ந்து."

"ஏன் சொல்லலை?"

"கண்டருளப் பண்ணினப்புறம் என்ன சொல்றது?"

"பெருங்காய டப்பா?"

"நான்தான் வெச்சேன்."

அவருடைய அப்பா உப்பு ஜாடியை நகர்த்தியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவர் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் முக்காலி போட்டு ஏறி எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒன்பது வீடு சாப்பிட்டிருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. பெருமாளுக்கு அந்த நெடியைத்தான் வைத்திருக்கிறேன். அவரும் பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

முன்னால் நான் ருசி பார்க்கக்கூடாது, பின்னால் அவர்கள் குறை சொல்லக்கூடாது. இரண்டும் நல்ல பழக்கம்தான். இரண்டுக்கும் நடுவில் என் மூக்கு ஒன்றுதான் காவல் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஏகாதசி. சமையல் இல்லாததால் டாக்டரிடம் போனோம். காய்ச்சலில் சிலருக்கு இப்படி ஆகுமாம். திரும்பி வரலாம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம், வராமலும் போகலாம். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் என்று நாலு வாசனையைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். டாக்டர் சின்னப் பெண். "சமையலை வேற யாராவது பாத்துக்கட்டுமே ஆன்ட்டி" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 7

ஆறு வீட்டுக்கும் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து கேரியர் இல்லை என்று. எல்லோரும் "அச்சச்சோ" என்றார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தளிகை. குப்புசாமியின் தக்காளி இன்னும் நாலு இருந்தது. வழக்கத்தை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வைத்தாலும் பிரயோஜனமில்லை. உப்பும் புளிப்பும்தான் தெரியும், அது கைக்கே தெரிகிறது. அப்படியே நின்றேன். கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

இவர் சமையலறை நிலைப்படியில் வந்து நின்றார். எப்போதும் வராத இடம்.

"அடுப்புல இருக்கறப்போ அது இன்னும் பிரசாதம் இல்லையே" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"இப்போ சொன்னா தப்பில்லை. தானா வர்ற வாசனைதானே. நான் இங்கயே நிக்கறேன், உள்ள வரலை."

முப்பத்தொரு வருஷமாக இந்த மனுஷர் தலைக்குள் இப்படி ஒரு சட்டப் புத்தகம் இருந்திருக்கிறது. "எப்படி இருக்கு?" என்றேன்.

"நன்னாருக்கு."

"அது பதில் இல்லை."

"புளி இன்னும் பச்சையா இருக்கு" என்றார்.

இரண்டு கொதி கூட விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆவிதான் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 22

நிலைப்படியில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டுவிட்டார். முதல் வாரம் பாடாய்ப் படுத்தினார். எதைக் கேட்டாலும் "ஜாஸ்தியா இருக்கு", எது ஜாஸ்தி என்று தெரியாது. மிளகுக்கும் சீரகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் என் தளிகையை முப்பத்தொரு வருஷம் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அது அவமானமாகவே இருந்தது. டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாடம் நடத்தினேன். நான் அவருக்குக் கிராம்பைக் காட்டுகிறேன், அவர் எனக்குக் கிராம்பைக் காட்டுகிறார். அவருக்கு வருகிறது. எனக்கு இல்லை.

செப்டம்பர் 4

இன்று "பருப்பு வாசனை முன்னாடி வர்றது, தக்காளி பின்னாடி நிக்கறது" என்றார், நான் கேட்காமலே.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டு வீட்டுக்குக் கேரியர் போயிற்று. ஒன்று குப்புசாமி. "மகன் ஊட்ல இருந்து வந்துட்டனுங்கம்மா" என்றார் சிரிக்காமல். "பயணம் சௌக்கியமா?" என்றேன் நானும். இனிமேல் எங்கள் சாத்தமுதில் ஏதாவது இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடவேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கு அந்த விதி கிடையாது.

அக்டோபர் 11

நாலு வாசனையும் நாலு வெறும் டப்பா. விடாமல் முகர்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒரு வாரமாக விடாத மழை. நல்ல தக்காளி கிடைக்காது என்று லிங்கம்மாவே சொல்லிவிட்டாளாம். மார்க்கெட்டுக்கு இப்போது இவர்தான் போகிறார். அங்கேயும் காம்புப் பக்கம் மூக்கை வைத்து ஒவ்வொன்றாக எடுக்கிறாராம். அம்மாவே தேவலை என்று லிங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம்.

முக்கால் மணி நேரம் கழித்து நனைந்துகொண்டு வந்தார். எட்டுத் தக்காளி, காம்போடு. மேஜையில் பரப்பி வைத்தார். நான் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். தக்காளி ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

நன்னாருக்கு என்று சொல்லி நழுவுகிறவர், ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல இலையைக் கசக்கினா வருமே, அது. கொஞ்சம் காரமா. அப்புறம் ஈர மண்ணு. கடைசில ஒரு இனிப்பு வர்றது. அது மூக்குக்கு வரலை, தொண்டைக்கு வர்றது" என்றார். இன்னொன்றை எடுத்தார். "இதுல மண்ணு ஜாஸ்தி. இது நாளைக்கு." எட்டுக்கும் சொன்னார். நான் எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

ஏழு கேரியர் போயிற்று. ஏழு சாத்தமுதுக் கிண்ணமும் காலியாக வந்தன. குப்புசாமியினுடையது கழுவியே வந்தது. இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்குப் புளிப்பும் காரமும் தெரிந்தன. நன்றாக இருந்ததாம்.